கடையில் நிற்பவர்களும் உட்காரும் சட்டமும்

தெற்கத்தி ஊர்களில் பிள்ளைகளைப் பற்றி விசாரித்தால் ஒரு பதில் அடிக்கடி காதில் விழும்: "மெட்ராஸ்ல துணிக்கடையில நிக்கான்." வேலை பார்க்கிறான் என்று சொல்வது குறைவு, நிக்கான் என்பதுதான் வழக்கம். அதே கடை முதலாளியின் மகனைப் பற்றிக் கேட்டால், "படிப்பு முடிச்சிட்டு இப்ப கடையில உக்காந்துட்டான்" என்பார்கள். யாரும் யோசித்துச் சொல்கிற வேறுபாடு இல்லை இது, பேச்சில் தானாகவே படிந்துவிட்டது. கூலிக்கு இருப்பவன் நிற்பான், உடைமைக்காரன் உட்காருவான். ஒருவர் கல்லாவில் உட்கார்ந்திருக்கிறார் என்றால் கடை அவருடையது, அல்லது முதலாளி நம்புகிற ஆள் அவர் என்றுதான் நாம் எடுத்துக்கொள்கிறோம்.

இந்தப் பேச்சு வழக்கை மனதில் வைத்துக்கொண்டு இரண்டு பிரதிகளை அக்கம்பக்கமாக வைத்துப் படிக்கலாம் என்று தோன்றியது. ஒன்று, 2010இல் வந்த வசந்தபாலனின் 'அங்காடித் தெரு'. இன்னொன்று, 2021 செப்டம்பரில் தமிழ்நாடு சட்டமன்றம் நிறைவேற்றிய கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத் திருத்தம். 1947ஆம் ஆண்டின் சட்டத்தில் 22-ஏ என்று ஒரே ஒரு பிரிவைச் சேர்த்தது அந்தத் திருத்தம். 'உட்காரும் உரிமை' என்று செய்திகளில் பேர் வாங்கியது.

சினிமாவையும் சட்டத்தையும் ஒரே தட்டில் வைத்து விமர்சிப்பது விசித்திரமாகத் தெரியலாம். ஆனால் இரண்டும் பேசுவது ஒரே ஆளைப் பற்றித்தான்: காலையில் கடை திறக்கும்போது நிற்கத் தொடங்கி இரவு ஷட்டர் இறங்கும்வரை நிற்கிற விற்பனைப் பையன், விற்பனைப் பெண். என் வாதத்தைச் சுருக்கமாக முதலிலேயே சொல்லிவிடுகிறேன். படம் அந்த ஆளின் வலியைப் பார்த்தது, ஆனால் அந்த வலி ஒரு கோரிக்கையாக மாறக்கூடும் என்று பார்க்கவில்லை. சட்டம் கோரிக்கையை ஏற்றுக்கொண்டது, ஆனால் அதிலிருந்து நாற்காலியை மட்டும் எடுத்துக்கொண்டு நேரத்தை விட்டுவிட்டது.

படம் பார்த்தது எது

'அங்காடித் தெரு' பற்றி முதலில் சொல்ல வேண்டியது அதன் துணிச்சல். ரங்கநாதன் தெருவுக்குப் போகாத சென்னைக்காரர் கிடையாது. வெளியூரிலிருந்து கல்யாணத்துக்குத் துணி எடுக்க வருகிறவர்களுக்கும் அதுதான் தெரு. அப்படி லட்சக்கணக்கானோர் போய்வந்த இடத்தில், கவுன்டருக்கு அந்தப் பக்கம் நிற்பவர்களைக் கதையின் நடுவில் கொண்டுவந்து வைத்தது அந்தப் படம். சேலையை விரித்துக் காட்டுகிற கை மட்டும்தான் அதுவரை நமக்குத் தெரியும். அந்தக் கைக்கு மேலே ஒரு முகம், அந்த முகத்துக்கு ஓர் ஊர், அந்த ஊரில் ஒரு கடன், ஒரு தங்கச்சி எல்லாம் இருக்கிறது என்று காட்டியது படம்.

ஆள் எடுக்கிற முறையைப் படம் காட்டும் விதம் இன்றைக்குப் பார்த்தாலும் கூர்மையாக இருக்கிறது. பள்ளியில் நன்றாகப் படித்த ஜோதிலிங்கம் தகப்பன் இறந்ததால் கடைவேலைக்கு வருகிறான். குடும்பத்தில் சம்பாதிக்க வேறு ஆள் இல்லாத பிள்ளை கடைக்கு லாபமான பிள்ளை. அவன் கோபித்துக்கொண்டு ஊருக்குப் போகமாட்டான், போகவும் முடியாது. தொழிலாளியின் பணிவு அவன் குணத்திலிருந்து வருவதில்லை, வீட்டு நிலைமையிலிருந்து வருகிறது என்பதைப் பாடம் நடத்தாமல் சொல்லிவிடுகிறார்கள். தங்கும் இடமும் சாப்பாட்டுக் கூடமும் அதே மாதிரிதான். நெருக்கியடித்துப் படுக்கிற தரை, முண்டியடித்துச் சாப்பிடுகிற பந்தி. கடையே தங்க இடமும் சோறும் தருகிறது என்று ஊரில் பெருமையாகச் சொல்லப்படுகிற விஷயம், உண்மையில் இருபத்துநாலு மணி நேரமும் கடைக்குள்ளேயே ஆளை வைத்திருக்கிற ஏற்பாடு என்று நமக்குப் புரிகிறது. சோறு கொடுப்பவரை எதிர்த்துப் பேசினால் வேலையோடு கூரையும் போய்விடும்.

இதெல்லாம் படம் சரியாகப் பார்த்த இடங்கள்.

படம் தவறவிட்டது எது

அடுத்தது கதை எதனால் நகர்கிறது என்ற கேள்வி. கருங்காலி என்ற மேற்பார்வையாளர் அடிக்கிறார், பெண்களிடம் அத்துமீறுகிறார். ஏ.வெங்கடேஷ் நடித்த அந்தப் பாத்திரத்தைப் பார்த்து தியேட்டரில் பல்லைக் கடிக்காதவர் இருக்க முடியாது. ஒரு காதல் முதலாளியின் முன்னால் அம்பலமாகிறது, காதலன் மறுத்துப் பேசுகிறான், அந்தப் பெண் உயிரை மாய்த்துக்கொள்கிறாள். ஜோதியும் கனியும் வேலையை இழந்து நடைபாதையில் தூங்கும்போது வண்டி ஏறி, கனி கால்களை இழக்கிறாள்.

வரிசையாகப் பாருங்கள். கொடூரமான ஒரு மேற்பார்வையாளர், ஒரு தற்கொலை, ஒரு சாலை விபத்து. மூன்றும் மனதை உலுக்குபவை, மூன்றும் நடக்கக்கூடியவையும்தான். ஆனால் இவற்றில் எதுவும் அந்தக் கடையின் அன்றாடம் கிடையாது. அன்றாடம் என்பது நிற்பது. சிறுநீரை அடக்குவது. மதியச் சாப்பாட்டுக்கு முறை வரும்வரை காத்திருப்பது. நூறு சேலையை விரித்துக் காட்டி, ஒன்றும் எடுக்காமல் வாடிக்கையாளர் எழுந்து போனதும் நூறையும் மடித்து வைப்பது. இவையெல்லாம் படத்தின் பின்னணியில் இருக்கின்றன. கதையைத் தள்ளிக்கொண்டு போகிறவை இவை இல்லை.

இதனால் ஒரு விளைவு உண்டு. கருங்காலி மாதிரி ஓர் ஆள் இல்லாத கடை நல்ல கடை என்ற எண்ணம் பார்வையாளருக்கு வந்துவிடுகிறது. "நாங்க போற கடையில அப்படியெல்லாம் இல்லைங்க, முதலாளி ரொம்ப நல்ல மனுஷன், தீபாவளிக்குத் துணி எடுத்துக் கொடுக்கிறார்" என்று நிம்மதியாகச் சொல்லிக்கொள்ளலாம். அந்த நல்ல மனுஷன் கடையிலும் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் நிற்கத்தான் வேண்டும் என்பது கணக்கிலேயே வராது. அநியாயத்துக்கு ஒரு கெட்ட முகம் கொடுத்தால், முகமில்லாத அநியாயம் தப்பித்துக்கொள்ளும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், கொஞ்சம் கடுமையாக இருந்தாலும். படம் முழுக்க நின்றுகொண்டிருந்த கனி, வேலையிலிருந்து விடுபட்டு உட்காருவது கால்கள் போன பிறகுதான். இயக்குநர் இதை நினைத்துச் செய்தாரா என்பது என் கேள்வி இல்லை. தொழிலாளிக்கு நம் கதைகள் தருகிற ஓய்வு இப்படித்தான் வருகிறது என்பதைத்தான் கவனிக்கிறேன். நோய், விபத்து, சாவு. அதற்கு முன்னால், உடம்பு நன்றாக இருக்கும்போதே, சும்மா பத்து நிமிடம் உட்காருகிற ஒரு தொழிலாளியை நம் கதைகளுக்கு எப்படிக் காட்டுவது என்று தெரியவில்லை.

'ஒரு சினிமாவிடம் போய் கோரிக்கை மனு கேட்கலாமா' என்று கேட்பீர்கள். நியாயம்தான். அழுகை வருவதே பெரிய விஷயம், அந்தப் படத்துக்குப் பிறகு விற்பனைப் பெண்ணிடம் மரியாதையாகப் பேசியவர்கள் உண்டு. நான் அதை மறுக்கவில்லை. ஆனால் இரக்கத்துக்கும் கோரிக்கைக்கும் இடையில் இருக்கிற தூரம் முக்கியம். இரக்கம் நம் கையில் இருக்கிறது, நாம் கொடுத்தால் உண்டு. கோரிக்கை அவர்கள் கையில் இருக்கிறது. அது எப்படி உருவாகிறது என்று தெரிந்துகொள்ள ரங்கநாதன் தெருவிலிருந்து கோழிக்கோட்டு மிட்டாய்த் தெருவுக்குப் போக வேண்டும். நமது சட்டத்துக்கு வழி அங்கிருந்துதான் வந்தது.

மிட்டாய்த் தெருவின் பாடம்

கோழிக்கோட்டில் மிட்டாய்த் தெரு நம்மூர் ரங்கநாதன் தெரு மாதிரி ஒரு பழைய வணிகத் தெரு. அங்கே தையல்காரராக வேலை பார்த்தவர் பி. விஜி. அவரும் சக பெண்களும் சேர்ந்து அமைத்ததுதான் 'பெண்கூட்டு'. அவர்கள் முதலில் கேட்டது நாற்காலி இல்லை, கழிப்பறை. பெண்கள் நாள் முழுக்க வேலை செய்கிற கட்டடங்களில் அவர்கள் போக ஒரு கழிப்பறை இல்லை. பக்கத்து ஓட்டலுக்குப் போக வேண்டும், அல்லது அடக்கிக்கொள்ள வேண்டும். அடக்க முடியாது என்பதற்காகத் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்வார்கள். சிறுநீர்ப் பாதைத் தொற்று எப்படி வருகிறது என்று இதற்குமேல் விளக்க வேண்டியதில்லை.

இந்தக் குறையை வெளியில் சொல்வது எவ்வளவு கூச்சமான விஷயம் என்று யோசித்துப் பாருங்கள். கூலி குறைவு என்று சொல்லலாம், அடித்தார்கள் என்று சொல்லலாம். 'எனக்கு ஒன்னுக்குப் போக இடமில்லை' என்று தெருவில் நின்று சொல்வது வேறு. விஜியும் தோழிகளும் செய்த முதல் காரியம் அந்தக் கூச்சத்தை உடைத்ததுதான். தனியாக நினைத்தால் அவமானமாக இருந்தது, பத்துப் பேர் சேர்ந்து பேசியபோது அநியாயமாகத் தெரிந்தது.

அதற்கு அடுத்துத்தான் உட்காருவது. 2014 கடைசியில் திருச்சூரில் ஒரு பெரிய ஜவுளிக் கடையின் விற்பனைப் பெண்கள் போராட்டத்தில் இறங்கினார்கள். மலையாளத்தில் அதற்கு 'இரிக்கல் சமரம்' என்று பேர், உட்காரும் போராட்டம். மாதக்கணக்கில் நடந்தது. எந்த உரிமையைக் கேட்டார்களோ அதையே போராட்ட வடிவமாகவும் வைத்துக்கொண்டார்கள். கடைக்குள் உட்காரக் கூடாதா, சரி, கடைக்கு வெளியே உட்காருகிறோம். 2018இல் கேரளம் தன் கடைகள் சட்டத்தைத் திருத்தி, உட்கார இருக்கை தர வேண்டும் என்று ஆக்கியது. அதே ஆண்டு பி.பி.சி.யின் நூறு பெண்கள் பட்டியலில் விஜி பெயர் வந்தது.

மலையாளத்தில் 'இரி' என்றால் உட்கார் என்று பொருள். தமிழில் 'இரு'. நாமும் 'இருக்கை' என்கிறோம், வீட்டுக்கு வந்தவரை 'இருங்க' என்கிறோம். யாழ்ப்பாணத்தில் 'இருங்கோ' என்றால் உட்காருங்கள் என்றே அர்த்தம். உயிரோடு இருப்பதற்கும் உட்கார்ந்து இருப்பதற்கும் ஒரே வினைச்சொல்லை வைத்திருக்கிற மொழிக்காரர்கள் நாம். அந்த இரண்டையும் ஒரே மூச்சில் கேட்டதுதான் திருச்சூர்ப் பெண்களின் போராட்டம்.

சட்டத்தை வாசிப்பது

கேரளத்துக்கு அடுத்து இந்தியாவில் இப்படிச் சட்டம் கொண்டுவந்தது தமிழ்நாடு. தொழிலாளர் நலத்துறை அமைச்சர் சி.வி.கணேசன் 2021 செப்டம்பரில் மசோதாவை வைத்தார். கடைகளில் வேலை செய்பவர்கள் பணி நேரம் முழுக்க நிற்க வைக்கப்படுகிறார்கள், அதனால் உடல்நலக் கேடுகள் வருகின்றன என்று மசோதாவின் நோக்க விளக்கமே ஒப்புக்கொண்டது. அதை ஓர் அரசு எழுத்தில் சொன்னது சாதாரண விஷயம் கிடையாது.

இப்போது பிரிவின் வாசகத்துக்கு வருவோம். ஒவ்வொரு நிறுவனத்திலும் எல்லாப் பணியாளர்களுக்கும் பொருத்தமான இருக்கை வசதி இருக்க வேண்டும். எதற்காக? வேலைக்கிடையே உட்காருவதற்கு நேரக்கூடிய வாய்ப்பை அவர்கள் பயன்படுத்திக்கொள்வதற்காக, நாள் முழுக்கக் காலில் நிற்கும் நிலையைத் தவிர்ப்பதற்காக. சாரம் இவ்வளவுதான்.

இதில் எஜமானரின் கடமை எது? இருக்கை போடுவது. தொழிலாளியின் உரிமை எது? வாய்ப்பு நேர்ந்தால் உட்காருவது. அந்த வாய்ப்பு எப்போது நேரும், நேர்ந்துவிட்டது என்று யார் முடிவு செய்வது? அதைப் பற்றிப் பிரிவில் பேச்சில்லை. மழை நேர்வது மாதிரி, விபத்து நேர்வது மாதிரி, உட்காருகிற வாய்ப்பும் நேர வேண்டும். கடையில் அதை நேரவிடுவதும் விடாததும் ஃப்ளோர் சூப்பர்வைசர் கையில். 'கஸ்டமர் இல்லையா? ரேக்கை அடுக்கு. அடுக்கியாச்சா? துணியைத் தட்டி மடி. மடிச்சாச்சா? வாசல்ல போய் நின்னு கூப்பிடு.' வேலை இல்லாத நிமிடமே இருக்கக் கூடாது என்பதுதான் இந்த நிர்வாகத்தின் அடிப்படை. வேலை இல்லாத நிமிடத்தில்தான் உட்காரலாம் என்கிறது சட்டம். இரண்டும் சந்திக்கிற இடம் எங்கே?

இந்த வாசகம் புதியதும் இல்லை. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தில் 44ஆம் பிரிவைப் பாருங்கள். நின்றுகொண்டு வேலை செய்ய வேண்டிய தொழிலாளர்களுக்கு, வேலைக்கிடையே ஓய்வுக்குக் கிடைக்கும் வாய்ப்புகளைப் பயன்படுத்திக்கொள்ள உட்கார ஏற்பாடு வேண்டும் என்று ஏறக்குறைய இதே சொற்களில் இருந்தது. ஆலைக்குள் 1948இல் வந்தது கடைக்குள் வர 2021 ஆகியிருக்கிறது. 73 வருஷம்.

அதிலும் ஒரு சங்கதி உண்டு. 1948 சட்டம் அதோடு நிற்கவில்லை. ஒரு வேலையை உட்கார்ந்தே திறமையாகச் செய்ய முடியும் என்று தலைமை ஆய்வாளர் கருதினால், அந்த வேலைக்காரர்களுக்கு இருக்கை போடும்படி நிர்வாகத்துக்கு எழுத்தில் உத்தரவிடலாம் என்று அடுத்த உட்பிரிவு சொன்னது. அதாவது 'இது நின்று செய்ய வேண்டிய வேலைதானா' என்று கேட்கவே அந்தச் சட்டத்தில் வழி இருந்தது. 22-ஏ அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. கடை வேலை நிற்கிற வேலை என்று ஏற்றுக்கொண்டு, நடுவில் இடைவெளி கிடைத்தால் உட்கார்ந்துகொள் என்கிறது.

பிரிட்டனில் கடைப் பெண்களுக்கான இருக்கைச் சட்டம் 1899இல் வந்தது. மூன்று பெண்களுக்குக் குறைந்தது ஓர் இருக்கை என்று அது கணக்கு வைத்தது. பின்னால் வந்த பிரிட்டிஷ் சட்டங்கள் இன்னொரு வரியைச் சேர்த்தன: இருக்கையைப் பயன்படுத்த அனுமதிப்பதும் எஜமானரின் கடமை. நாற்காலி போடுவது வேறு, அதில் உட்கார விடுவது வேறு என்பது சட்டம் எழுதுகிறவர்களுக்கு எப்போதோ தெரிந்த விஷயம் என்பதற்காக இதைச் சொல்கிறேன். நம்முடைய பிரிவில் எண்ணிக்கையும் இல்லை, அனுமதிக்கும் கடமையும் வெளிப்படையாக இல்லை.

இன்னும் அடியில் போனால், பழைய 1947 சட்டத்திலேயே நேரம் பற்றிய பேச்சு இருக்கிறது. ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம், 4 மணி நேரம் தொடர்ந்து வேலை செய்தால் ஒரு மணி நேர இடைவேளை. இதை ஒவ்வொரு கடையும் ஒழுங்காகக் கடைப்பிடித்திருந்தால் 22-ஏ-வுக்கான தேவையே பாதியாகக் குறைந்திருக்கும். 2019இல் பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற கடைகளை 24 மணி நேரமும் திறந்து வைக்க அரசு அனுமதித்தது, 2022இல் அந்த அனுமதியை நீட்டித்தது. கடைக்கு நேரம் நீள்கிறது, தொழிலாளிக்கு நாற்காலி வருகிறது. நேரத்தைக் குறைத்துக் கேட்பது கஷ்டம், நாற்காலி கொடுப்பது சுலபம். நாற்காலி ஒரு தடவைச் செலவு, நிமிடம் தினசரிச் செலவு.

நிற்பது மரியாதை என்ற எண்ணம்

உடம்புக் கணக்கு ஒருபக்கம். நடக்கும்போது கெண்டைக்கால் தசை இறுகித் தளர்ந்து ரத்தத்தை மேலே தள்ளுகிறது. ஒரே இடத்தில் நிற்கும்போது அந்த வேலை நடப்பதில்லை, ரத்தம் காலிலேயே தேங்குகிறது, நரம்பு புடைத்துச் சுருண்டுகொள்கிறது. அதனால்தான் நாள் முழுக்க நடக்கிறவரைவிட நாள் முழுக்க நிற்கிறவர் காலுக்கு ஆபத்து அதிகம். இது எந்த முதலாளிக்கும் புரியாத மருத்துவம் கிடையாது. பிறகு ஏன் உட்கார விடுவதில்லை?

வாடிக்கையாளர் என்ன நினைப்பார் என்பதுதான் வழக்கமான பதில். இந்தப் பதிலை நாம் சும்மா விட்டுவிடக் கூடாது, ஏனென்றால் அந்த வாடிக்கையாளர் நாம்தான். நாம் உள்ளே நுழையும்போது ஒருவர் உட்கார்ந்திருந்தால் 'இந்தக் கடையில கவனிக்கிறதே இல்லை' என்று நமக்குத் தோன்றுகிறது. சாமானைக் காட்டும் வேகத்தில் குறையிருக்காது, விலையிலும் இருக்காது, இருந்தாலும் தோன்றுகிறது. பெரியவர்கள் முன்னால் உட்காரக் கூடாது, ஊர்க்காரர் முன்னால் உட்காரக் கூடாது, ஆதிக்க சாதிக்காரர் முன்னால் உட்காரக் கூடாது என்று பழகிய சமூகம் இது. 2020 அக்டோபரில் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில், தேர்ந்தெடுக்கப்பட்ட தலித் ஊராட்சித் தலைவர் தரையில் உட்கார்ந்திருக்க மற்றவர்கள் நாற்காலியில் உட்கார்ந்திருந்த படம் வெளியானது நினைவிருக்கும். நாற்காலி நம்மூரில் மரச்சாமான் மட்டும் இல்லை. யார் யாருக்குச் சமம் என்று சொல்கிற பொருள் அது. துணிக்கடைக்குள் அது நுழையும்போது இந்த வரலாறும் கூடவே நுழைகிறது. உட்கார்ந்திருக்கிற விற்பனைப் பெண்ணைப் பார்த்து நமக்கு வருகிற எரிச்சலில் பழைய எஜமானத்தனம் கொஞ்சம் இருக்கிறதா இல்லையா என்று அவரவர் யோசித்துக்கொள்ள வேண்டியதுதான்.

நின்றால்தான் விற்கும் என்ற வாதத்துக்கு நம்மூர் வணிகமே பதில் வைத்திருக்கிறது. பழைய ஜவுளிக் கடைகளில் தரையில் மெத்தை விரித்து வெள்ளைத் துணி போட்டிருப்பார்கள். கடைக்காரரும் உட்காருவார், சேலை எடுக்க வந்த குடும்பமும் உட்காரும், நடுவில் சேலை விரியும். பட்டுச்சேலை விற்கும் சில கடைகளில் இன்னமும் அப்படித்தான். நகைக்கடையிலும் வாங்க வந்தவரை உட்கார வைத்துத்தான் நகையைக் காட்டுகிறார்கள். உட்கார்ந்தால் வியாபாரம் படுத்துவிடும் என்றால் இந்தக் கடைகளெல்லாம் என்றைக்கோ மூடியிருக்க வேண்டும். ஷோரூம் வந்தது, மாடி மேல் மாடி வந்தது, விற்பவர் கூலிக்காரர் ஆனார், அதோடு எழுந்து நிற்கவும் ஆரம்பித்தார்.

ஆக

22-ஏ வீண் என்று சொல்வது என் நோக்கம் இல்லை. உட்கார்ந்ததற்காகத் திட்டு வாங்கிய ஒருவருக்கு 'சட்டத்துல இருக்கு சார்' என்று சொல்ல ஒரு பிடி கிடைத்திருக்கிறது. அந்த வரியைத் தனியாளாகச் சொல்ல முடியாது, நாலு பேர் சேர்ந்து சொல்ல முடியும். சொல்கிற அன்றைக்கு வேலை போகாது என்ற உறுதி வேண்டும். தங்குமிடமும் சோறும் அதே முதலாளியிடம் இருக்கிறவரை அந்த உறுதி கஷ்டம். 'அங்காடித் தெரு' காட்டிய விடுதி இந்த இடத்தில்தான் சட்டத்தோடு வந்து மோதுகிறது. படத்தையும் சட்டத்தையும் சேர்த்துப் படித்தால்தான் இது தெரிகிறது. நாற்காலி தரையில் இருக்கிறது, அதில் உட்காருகிற துணிச்சல் விடுதியில் அடகு இருக்கிறது.

எனவே கேட்க வேண்டியவை எளிமையானவை, கவர்ச்சி இல்லாதவை. எத்தனை பேருக்கு எத்தனை இருக்கை என்று எண்ணில் சொல்ல வேண்டும். ஒரு மணி நேரத்துக்கு இத்தனை நிமிடம், வாடிக்கையாளர் இருந்தாலும் இல்லாவிட்டாலும், முறை வைத்து உட்காரலாம் என்று இருக்க வேண்டும். உட்கார்ந்ததற்காகச் சம்பளத்தில் பிடித்தாலோ வேறு கிளைக்கு மாற்றினாலோ அது தனிக் குற்றமாக வேண்டும். கழிப்பறை அதே பிரிவில் வர வேண்டும், ஏனென்றால் நிற்கிற உடம்பும் அடக்குகிற உடம்பும் ஒன்றுதான். இருக்கை இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டுப் போகிற ஆய்வாளர், அதில் தூசி படிந்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

கதை எழுதுகிறவர்களுக்கும் படம் எடுக்கிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். கருங்காலி இல்லாத ஒரு கடையைப் பற்றி எழுதுங்கள். யாரும் அடிக்காத, யாரும் சாகாத, நல்ல முதலாளியின் கடை. அங்கே ஒரு பெண் சாயங்காலம் நாலு மணிக்கு, கூட்டம் குறைந்த நேரத்தில், ரேக்குக்குக் கீழே இருக்கிற ஸ்டூலைப் பார்க்கிறாள். உட்காரலாமா வேண்டாமா என்று யோசிக்கிறாள். அந்த யோசனைக்குள் சம்பளம், விடுதி, கேமரா, ஊரில் இருக்கிற அம்மா, சூப்பர்வைசர் மனநிலை, வாசலில் நுழைகிற நாம் எல்லாரும் இருக்கிறோம். கடை வேலையின் அநியாயம் அந்த ஒரு நிமிடத்திலும் முழுசாக இருக்கிறது. அதை எழுதத் தெரிந்தால், விபத்து தேவைப்படாது.